சின்னவளின் முறை

அக்கா போனபோது சின்னவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சொந்தக்காரர்கள் இதைச் சும்மா விடுவார்களா? "என்ன நெஞ்சழுத்தம் பாரு" என்றாள் அத்தை. "பாவம், உள்ளுக்குள்ள அழுதுட்டிருப்பா" என்றாள் சித்தி, பெரிய மனசு பண்ணி. இரண்டுமே தப்பு. சின்னவள் உள்ளுக்குள்ளும் அழவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை, காலி செய்துவிட்டுப் போன வாடகை வீடு மாதிரி. பல் தேய்த்தாள், துணி காயப்போட்டாள், யாராவது சிரித்தால் கூடச் சேர்ந்து சிரித்தாள். அரை வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது.

அக்காவும் தங்கையும் விவரம் தெரிந்த நாளிலிருந்து சேர்ந்தே பாடினவர்கள். பெரியவள், சின்னவள் என்றால்தான் கச்சேரி கேட்கிறவர்களுக்குத் தெரியும். மேடையில் பெரியவள் இடப்பக்கம், சின்னவள் வலப்பக்கம், நடுவில் சுருதிப்பெட்டி. ஸ்வரம் பாடும்போது ஒரு சுற்று பெரியவள், மறு சுற்று சின்னவள். ஒருத்தி முறையில் மற்றவள் வாயைத் திறக்க மாட்டாள். வீட்டில் சண்டை போட்டால்கூட இரண்டு பேரும் முறை வைத்துத்தான் கத்துகிறார்கள் என்று பெரியவளின் கணவர் கிண்டல் செய்வார். சின்னவளுக்கு அவர் அத்தான்.

இந்த அக்கா தங்கைக்கு நடுவே வந்து சேர்ந்தவர்தான் கிட்டார்காரர். ஆள் வளர்ந்துகொண்டே போனதால் நெட்டை என்று பெயர். ப்ளூஸ் என்கிற மேல்நாட்டு இசையிலேயே ஊறின மனுஷன். அப்படியென்றால் என்ன என்று பெரியவள் கேட்டதற்கு, "பாடுறவன் ஒரு வரி புலம்புவான். கிட்டார் அதுக்குப் பதில் சொல்லும். அவன் மறுபடி புலம்புவான். அவ்வளவுதாம்மா, பெரிய வித்தை ஒண்ணும் இல்ல" என்றார். முதன்முதலில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் பெரியவளிடம் வந்து நின்றார்.

"நீங்க தாளத்துக்கு ஒரு இழை பின்னாடி வர்றீங்களே, அது வேணும்னே செய்யறதா, தெரியாமலா?"

பெரியவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பாட்டு வாத்தியார் காலமெல்லாம் அவளைத் திட்டினது அதற்காகத்தான். சின்னவள் கத்தரித்த மாதிரி தாளத்தின் அடியில் வந்து விழுவாள். பெரியவளோ முதலில் ஒரு மூச்சு இழுப்பாள், எல்லோருக்கும் கேட்கும். அப்புறம்தான் ஆடி அசைந்து வருவாள்.

"ஐயோ, அதை மாத்திடாதீங்க" என்றார் நெட்டை. "அப்படி வரணும்னு எங்க ஆளுங்க தவம் கிடக்கிறாங்க."

அப்புறம் என்ன, சேர்ந்துவிட்டார்கள். நெட்டை தன் தந்திகளை அக்கா தங்கையின் சுருதிக்கு இறக்கிக்கொண்டார். கடல் தாண்டி வந்த வயிறு பெருத்த ஒரு மேளத்தை வாசிக்கிறவரும் வந்தார். வாயே திறக்காத அவருக்கு டமாரம் என்று பெயர் வைத்தது பெரியவள்தான். காந்தாரம் என்கிற ஸ்வரம் இரண்டு உண்டு; இரண்டுக்கும் நடுவில், எதிலும் சேராமல் ஒரு இடம் இருக்கிறது. நெட்டை தந்தியை இழுத்து அங்கே போவார், பெரியவள் குரலை அழுத்தி அசைத்து அங்கே போவாள். இரண்டும் போய் ஒன்றாக நிற்கும்போது டமாரத்துக்கே புன்னகை வரும். ஒரு இசைத்தட்டுக்கான பாட்டுகள் முடிந்தன. ஒன்றே ஒன்று பாக்கி இருந்தபோது பெரியவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அந்தப் பாட்டுக்காகத்தான் இன்று எல்லோரும் கூடியிருந்தார்கள். ஒலிப்பதிவு செய்கிறவர் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கு வேலை முடிய வேண்டும்.

"இன்னிக்கு எப்படியாவது முடிச்சுடணும். இல்லேன்னா ஒரு பொண்ணு இருக்கா, நல்லாப் பாடுவா. உங்க அக்கா இடத்துல அவளைப் பாட வச்சுடலாம்."

சின்னவள் தலையாட்டினாள். யாரோ ஒருத்தி வந்து அக்கா இடத்தில் நிற்கப் போகிறாள். வலிக்கிறதா என்று தனக்குள் தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை. அதற்குத்தான் பயமாக இருந்தது. இதுவும் வலிக்காமல் நடந்து முடிந்துவிட்டால், அக்காவென்று ஒருத்தி இருந்ததற்கே தன்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றியது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மேளம் தொடங்கியது. தன் சுற்றைப் பாடினாள். பிசிறில்லை. பாடி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். பாட்டில் பாடினவள் நிறுத்தினால் நெட்டையின் கை சும்மா இருக்குமா? அதுவும் பழக்கம்தான். கிட்டார் பதில் சொல்ல ஆரம்பித்தது.

"அண்ணா" என்றாள். "அது அக்கா முறை."

டமாரம் மேளத்தின் விளிம்பைத் துணியால் துடைத்தார்.

"தப்புதாம்மா" என்றார் நெட்டை. "ஆனா எங்க பாட்டுல பாடினவங்களை அப்படித் தனியா விட மாட்டோம். கை தானாப் போயிடுது."

மறுபடி பாடினார்கள். இந்தத் தடவை நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தார். அக்காவின் சுற்று முழுக்க மேளமும் சுருதியும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"நல்லா இருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர், இழுத்தாற்போல. "ஆனா கேக்கிறவன் போன் கெட்டுப்போச்சுன்னு தட்டிப் பார்ப்பான். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுடட்டுமா?"

"வேண்டாம்." அவ்வளவு வேகமாக வாயிலிருந்து வரும் என்று சின்னவளே நினைக்கவில்லை. "அக்கா சுத்தை நானே பாடறேன்."

"ரெண்டு பேருதையுமா?"

"ரெண்டு பேருதையும்."

அவள் இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். இந்தத் தடவை பெரியவளின் சுற்றிலிருந்து தொடங்கினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மூச்சு இழுத்தாள். அடி விழுந்து, போய், அதற்கப்புறம் ஆடி அசைந்து வந்தாள். காந்தாரத்தை அழுத்தி, அந்த நடு இடத்துக்குக் கொண்டுபோய் அசைத்தாள். நெட்டை தலை நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

சுற்று முடிந்தது. இனி சின்னவள் முறை. ஆனால் பாடிக்கொண்டிருந்தது சின்னவளா என்ன? பெரியவள் பாடி முடித்தால் தங்கைக்கு இடம் விட்டு நிறுத்துவாள். அவளும் நிறுத்தினாள். யாரும் வரவில்லை. நெட்டை பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை, வாசித்துவிட்டார். அது முடிந்ததும் மறுபடி பெரியவளின் மூச்சு. பாட்டு முடிகிறவரை அப்படியே போயிற்று.

"அடேயப்பா!" என்றார் ஒலிப்பதிவாளர். "ஆனா உங்க சுத்து ஒண்ணுகூட இல்லையே?"

"கிட்டார் நல்லாத்தானே இருக்கு. இருக்கட்டும்."

"நாளைக்கு வந்து உன்னுதையும் பாடிடும்மா" என்றார் நெட்டை.

"பார்க்கலாம்" என்றாள். பார்க்கிற உத்தேசம் எதுவும் அவளுக்கு இல்லை.

போகிற வழியில் அத்தான் வீட்டில் இறங்கினாள். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையருகே அக்காவின் நாற்காலியையும் சேர்த்து இரண்டையும் இழுத்தே போட்டிருந்தார். இவர் அழாத நாளில்லை; அதனாலேயே சின்னவள் இங்கே வருவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாட்டு முடிஞ்சுது அத்தான்" என்று போனில் போட்டுக் கட்டிலில் வைத்தாள்.

அந்த முதல் மூச்சைக் கேட்டதும் அத்தான் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

"இது எப்பப் பாடினா? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியா?"

சின்னவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

"ஆமா அத்தான்."

அத்தான் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பாட்டு முடிந்தது. அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை போட்டார். பாதியில் புருவத்தைச் சுருக்கினார்.

"சரி, நீ எங்கே?"

"என்ன அத்தான்?"

"அவ பாடினா அடுத்து நீதானே பாடணும்? ஒவ்வொரு தடவையும் உனக்காக நிறுத்தி நிறுத்திக் காத்திட்டிருக்கா. நீ வரவே இல்லையே. ஏம்மா அவளை இப்படித் தனியாப் பாட விட்டே?"

சின்னவள் மடித்து வைத்த துணிகள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பொய்யோடு பொய்யாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முடியவில்லை.

"அத்தான், அது நான் பாடினது" என்றாள். "இன்னிக்குத்தான் பாடினேன். அக்கா செத்துப் போயிட்டா அத்தான்."

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாய் சொன்னது இதுதான் முதல் தடவை. அத்தான் புதிதாகச் செய்தி கேட்டவர் போல அவளையே பார்த்தார். அப்போதுதான் சின்னவளுக்கு வலித்தது. அழுகை வந்தது, சத்தமாக, கோரமாக, எந்தச் சுருதியிலும் நிற்காமல் வந்தது. அத்தான் பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார். சின்னவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், நிறுத்த விடவில்லை.