புகையில்லாத சூடு

சூப்பர்வைசர் வேலை மூன்றாவது முறையாகவும் இஸ்திரியக்காவுக்கு இல்லையென்று ஆன திங்கட்கிழமை காலை, சட்டைக் கம்பெனியின் நாற்பது இஸ்திரிப் பெட்டிகளும் பாய்லர் எரியாமலே சுட்டன. பாய்லர்காரர் பல் பிடுங்கப் போயிருந்தார். விறகு அடுக்கியது அடுக்கியபடி கிடந்தது. நீராவிக் குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அக்கா வழக்கம்போல விரலை நாக்கில் தொட்டுப் பெட்டியின் அடியில் வைத்தாள், சுர்ரென்றது. நோட்டீஸ் போர்டில் தொங்கியது, சீப்பு என்று எல்லோரும் கூப்பிடும் பையனின் பெயர். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் அவன் அக்காவிடம்தான் கற்றுக்கொண்டிருந்தான். "அவளுக்கே இல்லைன்னா நமக்கெங்கடி" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். அப்படிச் சொன்னவளின் பெட்டி பக்கத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் கூடவே சுட்டதாகக் கேள்வி. அன்று மாலைக்குள் மூவாயிரம் சட்டைகள் சுருக்கமில்லாமல் மடிந்து அட்டைப்பெட்டியேறின. யாருடைய வயிற்றெரிச்சல் என்று கேட்டுச் சிரித்தார்கள் துணி வெட்டும் பிரிவு ஆண்கள். பெண்கள் சிரிக்கவில்லை, கை வேலையாக இருந்தது.

மறுநாள் பாய்லர்காரர் வீங்கிய கன்னத்தோடு வந்து, தனக்கு வேலையில்லை என்று கண்டு, விறகின்மேல் படுத்துத் தூங்கினார். புகைபோக்கி வாயை மூடிக்கொண்டதும் கம்பெனிக்குப் பின்னாலிருந்த தெரு முதன்முறையாக எதிர்ச்சாரி வீடுகளின் உண்மையான நிறத்தைப் பார்த்தது. கொடியில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்ந்தது. அக்காவின் வீடு அந்தத் தெருவின் கடைசியில்; ஒரு அறை, ஒரு சமையல் மூலை. வீட்டுக்காரர் எங்கே போனார் என்பது தெருவுக்கெல்லாம் தெரியும், அக்காவிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. இருந்தது ஒரே மகள், வயது பதினொன்று. பிறந்ததிலிருந்து அவளுக்கு இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் கேட்கும். புகை நின்ற ஒன்பதாம் நாள் விசில் நின்றது. பதினைந்தாம் நாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வந்தாள். அக்கா வாசலில் நின்று மகள் ஓடி வருவதைப் பார்த்தாள். எதிர்வீட்டு டீச்சர் அக்காவைப் பார்த்தாள். டீச்சர் பார்க்காதது அந்தத் தெருவில் எது?

மேனேஜர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்தால் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது. சூடு ஒரு வருடம் தாங்குகிறது, பிறகு தணிகிறது, அடுத்த பட்டியல் ஒட்டினால் மறுபடி ஏறுகிறது என்பதை அவர் இரண்டே வருடத்தில் கண்டுபிடித்தார். ஒரு வருடம் அவசரத்தில் அக்காவை நேர்முகத்துக்குக் கூப்பிடாமலே வேறொருவன் பெயரை ஒட்டிவிட்டார்கள். பெட்டிகள் வெதுவெதுப்போடு நின்றுவிட்டன, காலர் மடிப்புகூட நிமிரவில்லை. ஆசை காட்டாமல் சூடு வராது என்று அப்போது விளங்கியது. அதிலிருந்து முறையாகவே செய்தார்கள். அக்காவுக்கு மெத்தை நாற்காலி போட்டார்கள், பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள், வேலை கிடைத்தால் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மேசைகளின் உயரத்தை நாலு விரல் குறைக்கணும், மாசமா இருக்கிறவங்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கணும், நாற்பது பேருக்கு ஒரே கழிவறை போதாது என்று அவள் சொல்லச் சொல்ல, சிரிப்பு மேடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். சிரிப்பு மேடம் கம்பெனியின் நல அதிகாரி. சாவு வீட்டிலும் அவள் சிரித்த வாய் மூடாது என்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போர்டில் வேறொரு பெயர் வரும். அக்காவுக்கு இந்த விளையாட்டு புரியாமலில்லை. புரிந்தும், நேர்முகத்துக்கு முந்தின நாள் நல்ல புடவையைத் தேய்த்து வைப்பாள். அந்த ஆசையை மட்டும் அவளால் விட முடியவில்லை. பெயர் இல்லையென்று பார்த்ததும் வயிற்றில் பற்றும். வீட்டுக்கு வந்தால் மகள் படியில் குதித்துக்கொண்டிருப்பாள். பற்றினது பற்றட்டும் என்று சோறு வடிப்பாள். இப்படி ஆறு வருடம்.

ஒரு குச்சி விறகில்லாமல் உடுப்பு செய்யும் கம்பெனி என்று எங்கிருந்தோ பசுமைக் கேடயம் வந்தது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வினை அதன் பின்னாலேயே வந்தது. சட்டை வாங்குகிற வெளியூர்க்காரர்கள், எல்லாம் சரி, மேற்பார்வையில் ஒரு பெண்கூட இல்லையே, சமத்துவம் எங்கே என்று கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்ணாவது இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. மேனேஜரும் சிரிப்பு மேடமும் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நாலாம் நாள் போர்டில் இஸ்திரியக்காவின் பெயர் வந்தது. பெண்கள் அவளைத் தூக்காத குறை. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் நாற்பது பெட்டிகளும் குளத்துக் கல்லைப்போலக் குளிர்ந்துவிட்டன.

பாய்லர் மறுபடி எரிந்தது. ஆறு வருடப் பட்டினிக்கும் சேர்த்து விறகு தின்றது. மேசைகளின் உயரம் குறைந்தது, இரண்டாவது கழிவறை வந்தது, பிள்ளைத்தாய்ச்சிகள் உட்கார்ந்து பொத்தான் சரிபார்த்தார்கள். சொன்னதையெல்லாம் அக்கா செய்தாள். மகளின் நெஞ்சில் விசில் திரும்பியது. இரண்டு மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரி. மூன்றாம் முறை உதடு நீலமாகி, மூக்கில் குழாயோடு நாலு நாள் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் என்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். அக்கா வேறு வீடு பார்த்தாள். அவள் வாடகைக்கு எட்டிய தெருக்களிலெல்லாம் வேறு வேறு புகைபோக்கிகள் நின்றன. எதிர்வீட்டு டீச்சர் ஒரு நாள் பழுப்பேறிய போர்வையை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "உனக்கு வேலை கெடச்சதுல எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்மா. நாங்க ஒண்ணும் சொல்லல. துணிதான் காயப்போட முடியல." டீச்சருக்குப் பின்னால் வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தார்கள்.

அக்கா மேனேஜரிடம் போய், புகைபோக்கிக்கு ஒரு வடிகட்டி போடுங்கள் என்றாள். அவர் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார். "புகையே இல்லாத கம்பெனின்னு கேடயம் வாங்கியிருக்கோம். இப்ப வடிகட்டி கேட்டா மேலிடத்துல என்னம்மா சொல்லுவாங்க?" அப்படியானால் எனக்கு இந்த வேலை வேண்டாம், சீப்பிடமே கொடுத்துவிடுங்கள் என்றாள். மேனேஜர் அதையும் யோசித்து வைத்திருந்தார். "நீங்களா விட்டா சூடு வராதும்மா. அது தியாகம். தியாகத்துல ஒரு டம்ளர் தண்ணிகூடச் சுடாது. உரிமையான ஒருத்தருக்கு இல்லைன்னு ஆகணும், காரணம் தெரிஞ்சு அவங்க மனசு ஆறிடவும் கூடாது." பிறகு பேச்சை மாற்றுவதுபோல, உங்கள் பெண் தரச் சோதனைப் படிப்பு முடித்துவிட்டாளாமே, நம் கம்பெனிக்கே அனுப்பலாமே என்றார். அக்கா எழுந்து வெளியே நடந்தாள்.

மூச்சு விட முடிந்த நாட்களில் படித்தே அந்தப் பெண் வகுப்பில் முதலாக வந்திருந்தாள். வேறு இடத்தில் வேலை கிடைக்கவில்லை. இழுப்புக்காரியை யார் எடுப்பார்கள்? அம்மாவின் பிரிவிலேயே சேர்ந்தாள். எந்த மடிப்பில் சுருக்கம் விழுகிறது என்று ஒரு அட்டவணை போட்டாள்; திரும்பி வருகிற சட்டைகள் ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்தன. சீப்பே வந்து அவளிடம் சந்தேகம் கேட்டான். லைன் லீடர் வேலை காலியானபோது, அது அவளுக்குத்தான் என்று பாய்லர்காரர் வரை சொன்னார். ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டியது சூப்பர்வைசர். அக்கா மகளுக்கு மெத்தை நாற்காலி போட்டாள். வேலை கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். மகள் இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு, நடுநடுவே இழுத்துக்கொண்டு சொன்னாள். அக்கா ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து அவளே போர்டில் பேப்பரை ஒட்டினாள். அதில் இருந்தது சீப்பின் தம்பி பெயர். அவனுக்குக் காலர் எது, கை எது என்று தெரிய இன்னும் மூன்று மாதம் ஆகும்.

மகள் போர்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எல்லோரும் பார்க்க அம்மாவின் மேசைக்கு வந்தாள்.

"ஏம்மா?"

"உனக்கு இன்னும் பக்குவம் வரல."

"பெத்தவதானே நீ?"

"இங்க நான் சூப்பர்வைசர். போய் வேலையப் பாரு."

மகள் போய்ப் பெட்டியைத் தொட்டாள், கை கொப்பளித்துவிட்டது. அந்தச் சூட்டின் முன்னால் பழைய ஆறு வருடச் சூடெல்லாம் ஒன்றுமேயில்லை. இஸ்திரிப் பிரிவு போக மேல்மாடிச் சாயத் தொட்டிகளும் அதிலேயே கொதித்தன. பாய்லரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பெண் சூப்பர்வைசர் ஒன்று, புகையில்லாத கூரை ஒன்று என்று சிரிப்பு மேடம் இரண்டாவது கேடயத்தையும் வாங்கிவந்தாள். தெரு, அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசியது; பேசிக்கொண்டே வெள்ளைத் துணிகளைக் கொடியில் போட்டது. டீச்சருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் அவள் வாயைக் கட்டியது அந்த ஒரு முறைதான்.

ஆண்டுகள் போகின்றன. அம்மாவும் மகளும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். அம்மா வடித்ததை மகள் தானே போட்டுச் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுக்கிறாள். பேச்சில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் வேலைக்குப் பெயர் கொடுத்துவிடுகிறாள். நேர்முகத்தன்று அம்மா முன்னால் வந்து உட்கார்ந்து, வேலை கிடைத்தால் என்னென்ன செய்வேன் என்று முக்கால் மணி நேரம், ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காமல், பேசுகிறாள்.