ஆற்று வளைவில் நீர் ஏறும் மணி

1

நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. பிரான்சின் கரைக்கு எதிரே, ஆங்கில அரசின் கீழ் இருக்கும் ஜெர்சித் தீவில் வாழ்பவர்களுக்குக் கடல் எப்போது ஏறும் என்பது முக்கியம். அதைக் கணக்கிடும் முறையைப் பொறுமையாக விளக்கும் ஒரு சின்னக் கட்டுரைதான் என் திட்டம். இரண்டாம் பத்தியில் ஒரு பாதிரியார் உள்ளே வந்துவிட்டார். [வெளியேற்றிப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு நாடு அவரை வெளியேற்றியிருந்தது, மனம் வரவில்லை.]

2

தொடக்கம், முதல் முயற்சி: 1793ஆம் ஆண்டின் சாம்பல் நிறக் காலை ஒன்றில், கணிதப் பேராசிரியர் அத்தனாஸ் கெனெல்...

வேண்டாம். இங்கே எல்லாக் காலையும் சாம்பல் நிறம்தான்.

இரண்டாம் முயற்சி: பிரான்சின் புரட்சி அரசு, தனக்குக் கட்டுப்படுவதாகப் பாதிரிமாரை ஒரு சத்தியம் செய்யச் சொன்னது. கணிதம் கற்பித்த பாதிரியார் கெனெல் மறுத்தார். கல்லூரி வேலை போனது, பிறகு நாடு போனது. படகேறி எங்கள் தீவுக்கு வந்து, ஜோசுவே மாரே என்ற கப்பல் தலைவனின் வீட்டு மாடியில் தங்கினார். வாடகைக்குப் பதிலாக அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜோசுவேயின் தொழில், போர்க்காலத்தில் ஆங்கில அரசின் அனுமதியோடு பிரெஞ்சுப் படகுகளைப் பிடிப்பது. [அனுமதி இருந்தால் அதைக் கொள்ளை என்று சொல்லக் கூடாதாம்.]

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

(கட்டுரையிலிருந்து காப்பாற்றிய பகுதி.)

அமாவாசையிலும் பௌர்ணமியிலும், ஒரு துறைமுகத்தில் நீர் முழுதாக ஏறும் மணி ஏறக்குறைய மாறாது. அது அந்த ஊரின் சொந்த எண். அடுத்தடுத்த நாட்களில் அது முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளிப்போகும். ஆக, நிலவின் வயதும், அதாவது அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்பதும், ஊரின் எண்ணும் தெரிந்தால் போதும். நிலவின் வயதைக் கணக்கிடப் பாதிரிமாருக்குத் தெரியும். ஈஸ்டர் எந்த நாள் என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. அதே கூட்டல் படகு பிடிக்கவும் உதவுகிறது. எனக்கு இது அழகாகவும் தெரிகிறது, அநியாயமாகவும் தெரிகிறது.

கெனெல் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார், தான் பிறந்த ஊரின்* எண்ணைத் தவிர. எதிரே பிரெஞ்சுக் கரையில், ஓர் ஆற்று வளைவுக்குள்ளே இருக்கிறது அந்த ஊர். வளைவில் நீர் எவ்வளவு தாமதிக்கும் என்பது உள்ளூராருக்கு மட்டுமே தெரியும்.

* பெயர் சொல்ல மாட்டேன். அவர் விரும்பமாட்டார்.

4

சமையலறை. மதியம். கடல் விலாங்கு சூப்.

"உங்க தங்கச்சி பெரின் ஒளிஞ்சிருக்கிற வீடு துறையை ஒட்டித்தானே, சாமி?" என்றான் ஜோசுவே. "சத்தியம் பண்ணாத சாமிமாரோட சொந்தக்காரங்களை வீடு வீடாத் தேடுறாங்களாம். சிக்கினா தலை போயிரும். மணியைச் சொல்லுங்க, கூட்டிட்டு வந்துர்றேன்."

கெனெல் கரண்டியை வைத்தார். "அவளை மட்டுமா?"

"வர்ற வழியில ரெண்டு கோதுமைப் படகு நின்னா, நான் கண்ணை மூடிக்கணுமா?"

"அது எங்க ஊரு சாப்பாடு, கேப்டன்."

"உங்களைத் துரத்துன ஊரு!"

"துரத்துனது பாரிஸ். பட்டினி கிடக்கப்போறது என் ஊரு."

ஜோசுவேயின் மனைவி ரஷேல் அடுப்படியிலிருந்து திரும்பினாள். "ஏங்க, படகைத் தொட மாட்டேன்னு சாமிக்குச் சத்தியம் பண்ணிக்குடுத்துட்டுப் போங்களேன். பைபிள் இருக்கு. நம்ம புராட்டஸ்டன்ட் பைபிள், அவங்க கத்தோலிக்க சபையில செல்லுமான்னுதான் தெரியல."

ஜோசுவே கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். "பண்றேன், சாமி."

"வேண்டாம்!" கெனெல் எழுந்தே விட்டார். "கேட்டு வாங்குற சத்தியம் எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். அதை நான் உங்ககிட்ட வாங்கமாட்டேன்."

"அப்ப எப்படித்தான் என்னை நம்புவீங்க?"

"அதான் தெரியல."

"கணக்கு வாத்தியாருக்கே விடை வரலையா?" என்றாள் ரஷேல். "முதல்ல சூப்பைக் குடிங்க, ஆறுது."

5

முடிவு அ: பொய் மணி சொல்கிறார். ஜோசுவேயின் படகு வற்றிய ஆற்றில் தரைதட்டி... [அடித்துவிட்டேன். பொய்ச் சத்தியம் செய்ய மறுத்தவர் பொய் எண் சொல்வாரா?]

முடிவு ஆ: ஒன்றும் சொல்லவில்லை. பெரினை அவர்கள்... [எழுத வரவில்லை.]

முடிவு இ: உண்மையைச் சொல்கிறார். பெரின் வந்து இறங்குகிறாள். அவளுக்குப் பின்னால், கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட இரண்டு... [அல்லது வெறும் கடல்? ஜோசுவே நல்லவனா? அவனைப் படைத்த எனக்கே தெரியவில்லை.]

6

எண்ணைச் சொல்ல வேண்டியவர் கெனெல். அவருக்கு அந்த எண்ணைக் கொடுக்க வேண்டியது நான். ஊரே என் கற்பனை என்பதால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கை ஓடவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். பெரினின் வாசல் வரை நீர் வரும் அதே நேரத்தில்தான் கோதுமைப் படகுகளும் சேற்றை விட்டு மிதக்கத் தொடங்கும். இரண்டையும் பிரித்துத் தரும் கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது. ஜோசுவே புறப்படத் தொப்பியைக் கையில் எடுத்துவிட்டான். கெனெல் உங்களைத்தான் பார்க்கிறார்.

நீர் முழுதாக ஏறும் மணி: ______