வெள்ளியில் விழாத செயின்

மேல்பாறையில் கிழமை தானாக மாறுவதில்லை. கூரியர் பார்சல் கொண்டு போடும் சுகிர்தா, காலையில் தன் மலைச் சைக்கிளை மிதித்தபடியே பின் கியரை ஒரு தட்டு தட்ட வேண்டும். அப்போதுதான் புதன் போய் வியாழன் வரும். பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரங்கள். சின்னது ஞாயிறு, பெரியது சனி.

மூன்று வாரமாக வெள்ளி வரவில்லை. வியாழனிலிருந்து தட்டினால் செயின் வெள்ளியைத் தாண்டி நேராகச் சனியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊரும் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. வெள்ளியன்று கவிச்சி தொடாத வீடுகளில் வாரம் பூராவும் மீன் மணத்தது. தியேட்டர் வாசலில் 'வெள்ளி முதல்' போஸ்டர் வெயிலில் வெளுத்துப்போனது. யாரும் சுகிர்தாவைத் திட்டவில்லை. "கொஞ்சம் பாத்துத் தட்டும்மா" என்பதோடு சரி.

அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. புருஷன் எபினேசருக்கு மலைக்கு அந்தப் பக்கம் மின்நிலையத்தில் வேலை. வெள்ளிக்கு வெள்ளிதான் பஸ் ஏறுவான். கடைசியாக வந்தபோது ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. குக்கருக்கு கேஸ்கட் வாங்க மறந்துவிட்டான், அவ்வளவுதான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க" என்று கத்திவிட்டாள். அடுத்த வெள்ளி சமாதானம் ஆகிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அந்த வெள்ளியையே காணோம். அங்கே போனுக்கு சிக்னலும் கிடையாது. சொன்னதை நிஜமென்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

சும்மா இருக்கமாட்டாமல் தானே கியர் கேபிளின் திருகில் கை வைத்தாள். கால் சுற்று திருகியதில் புதன் இரண்டு முறை வந்தது. பிள்ளைகள் அதே பரீட்சையை மறுபடி எழுதினார்கள். இன்னொரு கால் சுற்றில் செவ்வாய் உள்ளேயே வரமாட்டேன் என்று கரகரவென்று உரசிக்கொண்டு நின்றது. பேங்க்காரர்கள் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக் காத்திருந்தார்கள். அட போ என்று பழையபடி திருப்பி வைத்துவிட்டு, வியாழன் காலை ஜலால் பாய் சைக்கிள் கடைக்கு ஓடினாள்.

பாய் குனிந்து சைக்கிளின் பின்பக்கம் பார்த்தார்.

"கேபிள்ல ஒண்ணும் இல்ல சிஸ்டர். கியரைத் தாங்குற காது உள்பக்கமா வளைஞ்சிருக்கு. வலது பக்கமா போட்டீங்களா?"

"அன்னைக்குக் கோவத்துல பிடிச்சுத் தள்ளிட்டேன் பாய்."

"யாரு மேல கோவம்?"

"அவங்க மேலதான்."

"அதுக்கு ஊரோட வெள்ளியவா தள்ளுவீங்க? நான் ஜும்மா தொழுது மூணு வாரமாச்சு." நீளமான நெம்புகோலைக் காதில் மாட்டினார்.

"சீக்கிரம் பாய், பதினோரு மணிக்கு பஸ்."

"சும்மா இருங்க. அவசரப்பட்டு முறிஞ்சா அப்புறம் வாரமே கிடையாது."

சுகிர்தா நகத்தைக் கடித்தாள். வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பாய் மயிரிழை மயிரிழையாக நெம்பினார். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றி, "ம், தட்டுங்க" என்றார்.

தட்டினாள். க்ளிக். செயின் ஒரு பல் ஏறி, சத்தமில்லாமல் ஓடியது.

எதிர்க்கடையில் சாம்பிராணி போட்டார்கள். தியேட்டர் கேட்டைத் திறந்தார்கள். ஜலால் பாய் கிரீஸ் கையைச் சோப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். சுகிர்தா அப்படியே சைக்கிளில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தாள்.

பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. எபினேசர் இறங்கினான். அவன் பின்னால் எபினேசர் இறங்கினான். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், அவர்களும் எபினேசர். விட்டுப்போன வெள்ளிக்கு மூன்று, இன்றைக்கு ஒன்று. கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் போய்விட்டது.

முதலில் இறங்கியவன் சண்டைக்கு மறுவாரத்து ஆள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"வராதன்னு சொன்னியே" என்றான்.

"தப்புங்க. வாய் தவறிச் சொல்லிட்டேன். நீங்க வராம எனக்கு வீடே வீடா இல்ல." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பையை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரிசையில் அடுத்து நின்றவன் ஓரடி முன்னால் வந்து, "வராதன்னு சொன்னியே" என்றான்.