ஐந்தாம் அழுத்தி

நாற்புறமும் மலைகள் வளைந்து நிற்க, நடுவே ஏரி ஈயத்தகடுபோல் ஒளி மழுங்கிக் கிடக்க, குட்செட் பேருந்து நிலையத்தின் இரைச்சல் தாழ்ந்த முகில்களை நோக்கி எழுந்துகொண்டிருந்த ஒரு கார்த்திகை மாலையில், கண்டிச் சந்தைக்குப் பின்னுள்ள மாடியறையொன்றில், நிரோஷா தன் மடிமீதிருந்த பித்தளைப் பெருங்குழலை அறியாதவர் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்திருந்தாள்.

புசல்லாவையிற் பிறந்து, நகரில் எழுத்தராய்ப் பணியாற்றும் அவள், டியூபா எனப்படும் அக்குழலை ஒரு காற்றிசைக் குழுவில் ஒன்பது ஆண்டுகளாய் ஊதி வந்தாள். அவளது குழல் பழுதுபார்க்கக் கொழும்பு சென்றிருந்தமையால், மடவளையில் டியூபா ஊதும் முஸ்அப் தம் குழலை இரவல் தந்திருந்தார். மறுநாள் மாலை அரங்க நிகழ்ச்சி. எல்லாச் சுரங்களும் இசைந்து வந்தன. வால்வு என வழங்கும் அழுத்திகளில் நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்தழுத்தும் அடிச்சுரம் மட்டும், படி தவறியவன்போல் ஒரு முழுச்சுரம் கீழே விழுந்தது.

“என்னம்மா, திரும்பவும் கீழ போகுதே?” என்றார் குழுத்தலைவர் மோகனராஜ்.

நிரோஷாவின் கை வலச்செவிக்குச் சென்றது. சென்ற மாதம் காய்ச்சலில் அது சீழ்கொண்டிருந்தது. கேட்கும் திறன் குறையவும் கூடுமென்று மருத்துவர் எச்சரித்திருந்தார். செவி பிழைத்ததால் உதடு பிழைக்கிறதோ, உதடு தளர்ந்ததைச் செவி மறைக்கிறதோ என்று மயங்கி, உதட்டை இறுக்கியும் மூச்சைப் பெருக்கியும் பார்த்தாள். சரியாய் ஒலித்த சுரங்களும் இப்போது ஐயத்துக்குரியனவாயின.

“அண்ணே, வேற ஆள் பாருங்க. என் காதை என்னாலயே நம்ப முடியல,” என்றாள்.

“நாளைக்கு மேடை. இப்ப யார நான் தேட?” என்று அவர் கலங்கி நின்றார்.

குழலுள் தேங்கிய நீரை வடிக்க ஐந்தாம் அழுத்தியின் வளைகுழாயை உருவியவள், அப்படியே நின்றுவிட்டாள். தன் குழலில் அது முதலாம் அழுத்தியின் குழாயினும் சற்றே நீண்டது. இதிலோ ஏறக்குறைய இரு மடங்கு; குழாய் நீண்டால் ஒலி தாழும். உடனே முஸ்அப்பைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அது வேற மாதிரி செஞ்சது தங்கச்சி. அந்தச் சுரத்துக்கு மூணும் அஞ்சும் புடிக்கணும். எனக்குப் பழகிப்போனதால சொல்ல மறந்துட்டேன்,” என்றார் அவர்.

அறிவு நொடியில் தெளிந்தது, விரல்களோ தெளியவில்லை. அன்றிரவு பேருந்திலும் மறுநாள் அலுவலக மேசையிலும் மூன்றையும் ஐந்தையும் தட்டித் தட்டிப் பழகினாள். கவனம் சிறிது நழுவினும், ஒன்பதாண்டுப் பழக்கம் நான்காம் அழுத்திக்குரிய விரலையே முந்தச் செய்தது.

அரங்கில் அவ்வடிச்சுரம் ஐந்து முறை வந்தது. நான்கு முறை நன்கு ஒலித்தது. ஐந்தாம் முறை, கைதட்டலை நினைத்த ஒரு கணத்தில், விரல் பழைய வழியே சென்றது. ஒலி அடியில் ஆழ்ந்தது. அவையினர் அறிந்திலர். நிரோஷா அறிந்தாள்.

திரை விழுந்ததும் மோகனராஜ் மெல்ல வந்தார். “கடைசில ஒரு எடம் போயிருச்சு. கேட்டுச்சாம்மா?”

“கேட்டுச்சு அண்ணே. ஒரு முழுச்சுரம் கீழ போச்சு,” என்றவளின் கண்கள் நிறைந்தன, குரலிலோ துயரில்லை.

செவியின் நோய் முற்றும் தீர்ந்ததோ என்பது மருத்துவர் சொல்லவேண்டியது. ஆயினும், பிறர் குறையாகக் கண்டதைத் தன் செவி நலத்தின் சான்றாகக் கேட்டறிந்த அப்பெண், தான் பிழைபட்ட சுரத்திற்காகவே அம்மாலை நன்றியுடையவளாய் நின்றாள்.