பாதி வலை

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன்பிடிக்கிற ஜோன்ஸின் வீட்டு முற்றத்தில் உலர்ந்துகொண்டிருந்த பாதி வலையில், 2019 ஜூலை இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினோரு மீன்கள் உயிரோடு மாட்டியிருந்தன. கடல் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. மீனைத் தொட்டால் விரல் விறைத்தது. மீன்வளக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்து, நார்வே பக்கத்துக் கடல் மீன் என்று சொல்லி, இரண்டை ஐஸ்பெட்டியில் எடுத்துப் போனார்.

வலையின் மறுபாதி ஒரு சரக்குக் கப்பலின் அடியில், அதைத் தள்ளும் இரும்பு இறக்கையில் சுற்றிக் கிடந்தது. ஐந்து வாரம் முன்பு தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல், ஜோன்ஸ் வள்ளத்தில் நின்று சிவப்புத் துணியை வீசிக் கத்தியும் விலகாமல், வலையை அறுத்து இழுத்துப் போயிருந்தது. புது வலைக்கு வழியில்லாமல் வள்ளம் கரையேறியது. ஜோன்ஸ் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான்.

வலைக்கு ஈடு கேட்டு வக்கீல் இந்துமதி வழக்குப் போட்டார். கப்பலின் கம்பெனி சைப்ரஸில் இருந்தது. போன சம்மன் ஒன்பது மாதம் கழித்து, அந்த முகவரியில் கம்பெனி இல்லையென்று திரும்பியது. அடுத்தது போய்ச் சேர்வதற்குள் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது. மூன்றாவதை அந்த முகவரியில் இருந்த ஒரு பல் டாக்டர் வாங்கிப் படித்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்.

கப்பல் எந்தக் கடலில் போனதோ அந்தக் கடல் மீன் முற்றத்து வலையில் விழுவது மட்டும் நிற்கவில்லை. கொரோனா காலத்தில் கோர்ட் பூட்டிக் கிடக்க, நாற்பது நாள் ஒரே வகை மீன் விழுந்தது. கப்பல் எங்கோ நங்கூரமிட்டு நின்றிருக்க வேண்டும். ஜோன்ஸ் எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினான். இந்துமதி அதை மனுவோடு இணைத்தார். நீதிபதி பொறுமையாக வாசித்துவிட்டு, மீனை முகவரியாகக் கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்றார்.

"கப்பல் எங்கன கெடக்குன்னு எனக்குத் தெரியும் மேடம்," என்றான் ஜோன்ஸ் கோர்ட் வாசலில். "கம்பெனிதான் எங்கன இருக்குன்னு தெரியல."

அந்த வலையை அறுத்தெறிந்துவிட்டு வேறு சோலியைப் பார்க்கும்படி அவன் மனைவி பிலோமி பலமுறை சொன்னாள். தன் பக்கம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான் என்று அவன் விடவில்லை.

2023 பிப்ரவரியில் ஒரு காலை வலையில் நகரையும் சூடையும் துள்ளின. நம்ம கடல் மீன். ஜோன்ஸ் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் துறைமுகத்துக்கு ஓடினான். அதே கப்பல்தான். பெயரை அழித்து வேறு பெயர் எழுதி, நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தது. கப்பலை நிறுத்திவைக்க உயர்நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார் இந்துமதி. அதற்கு ஆகும் செலவில் நான்கு வலை வாங்கலாம். இந்தப் பெயர்க் கப்பல்தான் அந்தப் பெயர்க் கப்பல் என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள்.

"தண்ணிக்குள்ள என் வலை இருக்கு மேடம்."

இந்துமதி வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம் கப்பல் கிளம்பியது. சின்னதாகும்வரை ஜோன்ஸ் கரையில் நின்று பார்த்தான். கையை ஆட்டவுமில்லை, கத்தவுமில்லை. அதற்கடுத்த காலை வலையில் மாலத்தீவுச் சூரை விழுந்திருந்தது.

எதிர்த்தரப்பு முகவரி கிடைக்கும்போது மறுபடி வரலாம் என்று சொல்லி அந்த ஆண்டே வழக்கை முடித்துவைத்தார்கள். ஜோன்ஸ் இன்னும் கூலிக்குப் போகிறான். பிலோமி தினமும் ஏழு மணிக்கு வலையை உதறுகிறாள். தாமதித்தால் முற்றம் நாறும். இந்த வாரம் வருவதில் முள் அதிகம். குழம்புக்கு ஆகாது, பொரித்தால் தின்னலாம்.