முன்பாதி சொல்கிறவள்

ஒக்ரோபர் மாதம் வந்தால் எங்கள் வட்டாரத்தில் மாதா சுரூபம் ஒவ்வொரு நாள் பின்னேரமும் ஒரு வீட்டுக்குப் போகும். கூடவே நானும் போவேன். செபமாலையில் ஒவ்வொரு செபத்தின் முன்பாதியையும் ஒருவர் சொல்ல, மற்ற எல்லாரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்லுவார்கள். அந்த ஒருவர் இருபத்திரண்டு வருடமாக நான்தான். யாரும் என்னைத் தெரிவு செய்யவில்லை. எனக்குத் தொண்டை பெரிது, அவ்வளவுதான்.

இந்த வருடம் எனக்கு ஏலாமல் போய்விட்டது. முழங்காலைச் சொல்லவில்லை, அது பழைய கதை. செபம்தான் ஏலாமல் போனது. கடவுளோடு கோபம் என்றாலாவது நாலு பேச்சுப் பேசி ஆறியிருக்கலாம். கோபமுமில்லை, சந்தேகமுமில்லை. வாய் சொல்லும், உள்ளே ஒன்றும் அசையாது. வீட்டில் தனியே செபிப்பதை விட்டே ஒரு வருடத்துக்கு மேலாகிறது. என் மனுசனுக்குக்கூட அதைச் சொல்லவில்லை. ஊருக்கு முன்னால் முழங்கிவிட்டு வீட்டில் சும்மா போய்ப் படுக்கிற கள்ளி நான் என்று எனக்கே என்மேல் வெறுப்பு.

பாதரிடம் போனேன். "வேற ஆரையும் பாருங்கோ பாதர், எனக்குக் காணும்."

"ஏன், தொண்டை சரியில்லையோ?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. மிச்சம்தான் ஒண்டுமில்லை."

பாதர் சிரிக்கவில்லை. "இந்தக் கிழமையை மட்டும் முடியுங்கோ. பிறகும் இதைத்தான் சொன்னீங்களெண்டால் நான் மறிக்கமாட்டன்" என்றார்.

அந்தக் கிழமையின் கடைசி வீடு ஓர்ஸ் ஹில்லில், கீர்த்தனியுடையது. அவள் புருசன் பிரகலாதன் சைவப் பொடியன், துறைமுகத்தில் வேலை. எங்கள் வேதக்காரப் பிள்ளையைக் காதலித்துக் கட்டியவன். ஒவ்வொரு வருடமும் கதிரைகளை இழுத்துப்போட்டு, வந்தவர்களை இருத்திவிட்டு, தான் மட்டும் வாசலில் நிற்பான். யாரும் அவனைச் செபிக்கக் கூப்பிட்டதில்லை. அவனும் உள்ளே வந்ததில்லை.

அன்று செபமாலையின் ஐந்து பத்து மணிகளில் மூன்றாம் பத்தின் நடுவில் என் வாய் நின்றுவிட்டது. மறக்கவில்லை. அடுத்த 'அருள் நிறைந்த மரியே'யைச் சொல்ல மனம் வரவில்லை, இன்னொரு பொய் வேண்டாம் என்றிருந்தது. இருபத்தைந்து பேர் பின்பாதியை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார்கள். மின்விசிறி மட்டும் கடகடத்தது. எழும்பிப் போய்விடுவோம், இனிக் கோயில் பக்கமே வேண்டாம் என்று முடிவெடுத்து, ஒரு கையைக் கதிரையில் ஊன்றினேன்.

அப்போதுதான் வாசலில் பிரகலாதன் முன்பாதியைத் தொடங்கினான். ஐயோ, அது என்ன குரல்! கப்பலில் நிற்கிறவனைக் கரையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. ஆனால் ஒரு சொல்லும் பிசகவில்லை. கீர்த்தனி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து பேரும் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன செய்வது, நானும் அவர்களோடு சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் உறைத்தது. முன்பாதி வாழ்த்து. பின்பாதிதான் மன்றாட்டு. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பது அதற்குள்தான் இருக்கிறது. வாழ்த்த மட்டும் நான் வாய் திறந்திருக்கிறேன், கேட்கவேண்டிய இடத்தில் மற்றவர்கள் எனக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். அழுகை வந்தது. வெட்கம் பார்க்காமல் அழுதழுது, ஐந்தாம் பத்து முடியும்வரை பின்பாதியையே சொன்னேன்.

எல்லாரும் தேத்தண்ணி குடிக்கையில் பிரகலாதன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் நிண்டிட்டீங்கள், எனக்குப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சுது. பதினொரு வருசமாக் கேக்கிறன்தானே, பாடமாயிட்டுது."

"நல்லாத்தான் சொன்னீங்கள் தம்பி. ஆனா ஒவ்வொண்டுக்கும் முன்னால அது என்ன, அவ்வளவு பெரிய பெருமூச்சு?"

அவன் முழித்தான். "அதுவும் விடவேணும்தானே? போன வருசம் தொடக்கம் நீங்கள் அப்பிடித்தானே சொல்லுறீங்கள். செபத்தில புதுசா அதையும் சேர்த்திட்டினம் எண்டெல்லோ நான் நினைச்சன்!"

கீர்த்தனி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. இத்தனை நாளும் களைப்பென்று நான் ஒளித்துவைத்ததை, இந்தப் பொடியன் வாசலில் நின்று செபமென்று பாடமாக்கியிருக்கிறான். களைப்பு அப்போதும் போகவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எழும்பிப் போகவேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது.

"ஓம் தம்பி, அதையும் சேர்த்தாச்சு" என்றேன். "நாளைக்கு அடுத்த வீட்டுக்கும் நான் வருவன், நீங்களும் வாங்கோ. எனக்கு ஏலாமப் போற இடத்தில நீங்கள் முன்பாதியைப் பிடியுங்கோ. அந்தப் பெருமூச்சோடையே சொல்லுங்கோ."