சணல் எலி

துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் இயக்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. அதனால் ஒரு நாய் வாங்கினார். பத்து மாதக் குட்டி, பெயர் சேனாதிபதி. அந்தப் பெயருக்கேற்ற வீரம் பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தத்துக்கு மட்டும் வந்தது.

வாங்கிய கையோடு சம்பந்தியைப் போனில் கூப்பிட்டு, "இந்த வருஷம் கோப்பை எங்க வீட்டுக்குத்தான்" என்று அறிவித்தும்விட்டார். நாய்ப் போட்டியில் போன வருஷம் ஜெயித்த கோப்பை சம்பந்தி வீட்டு ஹாலில் இருந்தது. விருந்தாளி யார் வந்தாலும் அவர்கள் கண்ணெதிரில்தான் அதைத் துடைப்பார்கள்.

அடுத்த வாரமே போட்டிக்குப் புது விதி வந்தது. களத்துக்குள் தீனி கூடாது. விளையாட்டுப் பொருள் மட்டும் கொண்டுபோகலாம்.

துணை இயக்குநர் சணல் கயிற்று முடிச்சு ஒன்றை வாங்கிவந்து நாய் முன் விறைப்பாக நின்றார். "இது விளையாட்டுப் பொருள். எடு." நாய் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தது. முடிச்சை அதன் மூக்கில் இடித்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஒரு மெமோ குடுத்துப் பாருங்களேன்" என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே.

மூன்றாம் நாள் நாய் கயிற்றின் மேல் பாய்ந்தது. பூரித்துப்போய் பயிற்சியாளரை வரவழைத்தார். அந்த அம்மாள் பிய்ந்துகிடந்த முடிச்சைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

"உள்ள என்ன சார் வெச்சீங்க?"

"ஊக்கத்தொகை."

"பிஸ்கட்டா? அப்போ கயிறு அதுக்கு வெறும் பொட்டலம் சார். பிரிச்சுச் சாப்பிட்டுட்டுத் துப்பிடும். அதோட, மூக்குல கொண்டுபோய் இடிக்கிறீங்க. அது கண்ணுக்குக் கயிறு எலியாத் தெரியணும். எந்த எலி சார் தானா வந்து வாய்க்குள்ள நுழையும்? எலின்னா ஓடணும், ஒளியணும், கீச்சுன்னு கத்தணும். பிடிச்சா இழுத்துப் போராடணும், கடைசில நாய்தான் ஜெயிக்கணும். அது இன்னும் கொஞ்சம்னு ஏங்கும்போதே எடுத்து உள்ள வெச்சிடணும்."

"யார் கத்தறது?"

"நீங்கதான்."

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் யார் முன்னாடியும் ஓடினதில்லம்மா!"

"அதான் சார், உங்க பின்னாடி ஓடி வர அதுக்கும் ஒரு காரணம் கிடைக்கல."

மறுநாள் கார் ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டுப் பயிற்சி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் துடைப்பக்கட்டையோடு மனைவி ஓடி வந்தாள்.

"ஐயோ, நான் எலின்னு நெனச்சுட்டேன்!"

"எலிதான்டி. தொந்தரவு பண்ணாம போ" என்றார் அவர், ஸ்கூட்டருக்குப் பின்னாலிருந்து.

சேனாதிபதியின் காதுகள் நிமிர்ந்திருந்தன. இந்த வீட்டுக்கு வந்த பிறகு, இவரிடம் ஏதோ இருக்கிறது என்று அதற்கு முதன்முதலாகத் தோன்றியது அன்றுதான். பத்தே நாளில், பையில் பிஸ்கட் இருந்தும் அது கயிற்றைப் பார்த்தது.

போட்டி நாளன்று சம்பந்தியின் நாய் முதலில் இறங்கியது. பாதியில் உட்கார்ந்து அவர் பையை மோந்தது. காலி. நேராக நடுவர்களின் டீ மேஜைக்கு நடையைக் கட்டியது. சம்பந்தி வெளியே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். இனி அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அடுத்தவர் தோல்விதான். போனைத் தூக்கிப் படம்பிடிக்கத் தயாரானார்.

சேனாதிபதி நன்றாகத்தான் ஓடியது. அந்தப் பாழாய்ப்போன மேஜையில் யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும்வரை. சரசரவென்ற அந்தச் சத்தத்துக்கு நாய் நின்றது. திரும்பியது.

"சேனாதிபதி!" துணை இயக்குநரின் ஆபீஸ் குரல். ஒரு காலத்தில் மூன்று மாடி நடுங்கிய குரல். நாயின் வால்கூட அசையவில்லை. சம்பந்தியின் புன்னகை மட்டும் அகலமானது.

துணை இயக்குநர் சம்பந்தியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மடிப்புக் கலையாத பேன்ட்டோடு மண்ணில் நாலு காலில் இறங்கினார். கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டே எதிர்த்திசையில் தவழ்ந்தார்.

"கீச்! கீச் கீச் கீச்!"

மைதானமே கொல்லென்று சிரித்தது. நாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அம்புபோல வந்து கயிற்றைக் கவ்வியது. அவர் உறுமி, போராடி, முறைப்படி தோற்றுப்போனார்.

மூன்றாம் இடம். 'களத்தில் தேவையற்ற ஓசை எழுப்பியதற்காக' மதிப்பெண் குறைத்திருந்தார்கள். கோப்பை இல்லை, ஒரு ரிப்பன்தான். அதைச் சேனாதிபதி தின்னப் பார்த்தது.

முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவரிடம் சம்பந்தி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, அந்தச் சத்தம்... எப்படிப் போடறது?"

துணை இயக்குநர் நிமிர்ந்தார். பழைய கம்பீரம் முகத்தில் ஒரு கணம் வந்து போனது.

"மொதல்ல முட்டி போடுங்க, சம்பந்தி."